அம்மா எந்திரிக்கிறது

பத்தொன்பதாம் நம்பர் உள்ளே போய்ப் பன்னிரண்டு நிமிஷம் ஆகிவிட்டது, கதவு இன்னும் திறந்தபாடில்லை. அம்மா கையில் இருக்கிற சீட்டில் இருபத்து மூன்று. ஆளுக்குப் பதினைந்து என்று வைத்தாலும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காருவது என்றால் இசக்கிக்கு அதைவிடப் பெரிய தண்டனை பதினேழு வயதில் வேறு என்ன இருக்கிறது, அதுவும் இத்தனை குரல்கள் சும்மா கிடக்கிற இடத்தில். சீட்டுக் கூப்பிடுகிற அக்கா ஒவ்வொரு நம்பரையும் பாதி வரைக்கும் உரக்கச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடுகிறாள், பத்தொன்ப வரைக்கும் வெளியே, மிச்சம் வயிற்றுக்குள்ளே. வந்து உட்கார்ந்த ஐந்தாம் நிமிஷமே அது பிடிபட்டாயிற்று. எதிர் வரிசைப் பெரியவர் இருமுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் அனுமதி கேட்கிற மாதிரி தொண்டையை ஒருதரம் செருமிக்கொள்கிறார், அதுவும் ஆயிற்று. உதட்டை அசைக்காமல் உள்ளுக்குள்ளேயே இருமிப் பார்த்தாள், அச்சாக வந்தது. பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான், மூடின கதவுக்குப் பின்னால் இருக்கிற டாக்டரம்மாவின் குரல். அதில் எடுப்பதற்கு ஒரு கொக்கியும் இல்லை, மூக்கில் பேசவில்லை, இழுக்கவில்லை, அதட்டவில்லை. கதவிடுக்கு வழியாகத் துண்டு துண்டாகக் கசிந்து வந்ததில் ஒரே ஒரு கேள்வி மட்டும் முழுசாகக் காதில் விழுந்தது. "தூங்கி எந்திரிச்சா, தூங்கினாப்ல இருக்கா?" உள்ளே இருந்த பத்தொன்பதாம் நம்பர் என்ன சொன்னாரோ தெரியாது. இசக்கி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். இதுவரைக்கும் பார்த்த மூன்று டாக்டர்களில் ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை. சாப்பிடுகிறீர்களா, வெளிக்குப் போகிறீர்களா, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் கேட்டார்கள். தூக்கம் வரும்தான், அம்மா கட்டை மாதிரித் தூங்குவாள், ஒன்பது மணி நேரம், பத்து மணி நேரம். ஆனால் காலையில் எந்திரிக்கும்போது ராத்திரி முழுக்க நெல் மூட்டை ஏற்றிய முகமாக இருக்கும். அப்படியானால் அந்தப் பத்து மணி நேரமும் அவள் எங்கே போனாள், யார் வேலை வாங்கினார்கள்? இசக்கிக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அம்மாவோ கேள்வி காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்கு நிறப் பட்டு, கரை மடிப்புக் கலையாமல், தலையில் இரண்டு கண்ணி பிச்சிப்பூ, முகத்தில் பவுடர், பொட்டுக்கு மேலே திருநீறு. விடியற்காலையில் தலைக்குக் குளித்திருக்கிறாள். தலைக்குக் குளிப்பது என்றால் கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், தூக்கி வைத்துத் தேய்க்க வேண்டும், அதற்கே அம்மாவுக்கு ஒரு நாள் சக்தி போய்விடும் என்று இசக்கிக்குத் தெரியும். வீட்டில் பத்து நாளாக அவள் தலை சீவவில்லை, சும்மா முடிந்து போட்டிருந்தாள். அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, அந்த முடிச்சோடு வந்திருந்தால் பார்த்தவுடன் தெரிந்திருக்குமே. பஸ்ஸில் வரும்போது மெதுவாகச் சொல்லியும் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போறவ சீக்குக்காரி மாதிரியா போவா, டாக்டர் நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க என்று அம்மா கேட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் சிரித்திருக்கலாம், நிஜமாகவே கேட்டாள். அம்மா வீட்டுப் பக்கம் எல்லோருமே அப்படித்தான். தாத்தா நெஞ்சுவலியோடு வேட்டி மாற்றிச் சவரம் செய்துகொண்டுதான் வண்டியில் ஏறினாராம். வைத்தியர் முன்னால் போய் நிற்பது சாமி முன்னால் நிற்கிற மாதிரி, குளிக்காமல் எப்படிப் போவது. அப்படிக் குளித்துப் பூவைத்துப் போய் நின்றவளைப் பார்த்த மூன்று பேரும் ஒரே வசனத்தை மூன்று விதமாகச் சொன்னார்கள்.

முதல் டாக்டருக்குச் சளி பிடித்த குரல், சொல்லும்போதே அடுத்த ஆளுக்குக் கை நீட்டுவார்: பாத்தா பேஷண்ட் மாதிரியே தெரியலையேம்மா, சத்து மாத்திர எழுதுறேன். இரண்டாமவர் எலும்பு டாக்டர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வீடு வாங்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு எலும்பாகப் பார்த்து, எல்லாம் ஃபஸ்ட் கிளாஸ் என்றார், ஏதோ அம்மா பரீட்சை எழுதின மாதிரி. மூன்றாமவர்தான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, குரலைத் தாழ்த்தி, வீட்ல ஏதும் பிரச்சனையாம்மா, மனசுல எதையும் போட்டு வச்சிருக்கீங்களா என்று கேட்டார். அந்தத் தாழ்ந்த குரலை வீட்டுக்கு வந்து செய்து காட்டியபோது அம்மா சிரித்தாள், சிரித்துவிட்டு, திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கிற அப்பாவால்தான் பிரச்சனை என்று அந்த டாக்டர் நினைத்துவிட்டாரோ என்று இரண்டு நாள் கவலைப்பட்டாள். ஆனால் அந்த மனுஷர்தான் கடைசியில் பேனாவைக் கடித்து யோசித்து, இந்த டாக்டரம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதில் ஃபைப்ரோமயால்ஜியா என்று போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே நாள்பட்ட களைப்பு நோய் என்று இன்னொன்று, அதற்கும் ஒரு கேள்விக்குறி. இசக்கிக்கு அந்தப் பேர் கிடைத்ததில் ஒரு வாரம் ஒரே கொண்டாட்டம். ஃபைப்ரோமயால்ஜியா என்பதை அம்மா ஆபீஸ் போஸ்ட் மாஸ்டர் குரலில் சொன்னால் ஏதோ வெளிநாட்டுப் பார்சலின் விலாசம் மாதிரி இருந்தது, பெரியம்மா குரலில் சொன்னால் வரன் பார்த்த இடத்துச் சம்பந்தி பேர், கணக்கு வாத்தியார் குரலில் சொன்னால் மார்ச் மாதம் வரப்போகிற ஐந்து மார்க் கேள்வி. பிறகு ஃபோனில் தேடிப் பார்த்தாள். ரத்தத்தில் தெரியாதாம். படத்தில் தெரியாதாம். நரம்புகள் வலியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்ட மாதிரியாம், மற்றவர்களுக்குத் தொடுவதாக இருப்பது இவர்களுக்கு அடிப்பதாக இருக்குமாம். இரண்டும் அக்கா தங்கச்சி மாதிரி, ஒன்று வந்த வீட்டுக்கு மற்றதும் பலசமயம் வந்து தங்குமாம். எதனால் வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். அந்த இடத்தில்தான் அவள் ஃபோனைக் கீழே வைத்தாள். யாருக்கும் தெரியாது என்பதை இவ்வளவு பெரிய மனிதர்கள் இவ்வளவு நிதானமாக எழுதி வைத்திருக்கிறார்களே.

சீட்டுக்கார அக்கா இருபது என்று கூப்பிட்டாள், அதாவது இருப வரைக்கும் கூப்பிட்டாள். கைத்தாங்கலாக ஒரு அம்மாள் உள்ளே போனார். அந்த அம்மாளைப் பார்த்தாலே டாக்டர் எழுந்து நின்றுவிடுவார் என்று இசக்கி பொறாமையாக நினைத்தாள். திங்கட்கிழமை என்ற நினைப்பு அப்போதுதான் மறுபடி வந்தது, காலையிலிருந்து அது வந்து வந்து போய்க்கொண்டிருந்தது, செருப்புக்குள் விழுந்த சின்னக் கல் மாதிரி. அம்மா பதினோரு வருஷமாக ஊரில் தபால் கொடுக்கிறவள், செண்பகவல்லி என்று சொன்னால் யாருக்கும் தெரியாது, போஸ்ட்டம்மா என்றால் நாய்க்குக்கூடத் தெரியும். அவள் தபால் கொண்டுபோகிற தெருக்களின் வட்டத்துக்கு ஆபீசில் பீட் என்று பேர். பக்கத்து பீட் பார்த்த ராமலட்சுமி அத்தை ரிட்டையர் ஆகிவிட்டதால் திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பீட்டையும் அம்மாவே பார்க்க வேண்டும் என்று போஸ்ட் மாஸ்டர் தர்மராஜ் சார் சொல்லிவிட்டார். முடியாது என்றால் டாக்டர் லெட்டர் வேண்டும், லெட்டர் இருந்தால் உள்ளே கவுண்டரில் உட்காரலாம், வெறும் வாய்வார்த்தைக்கு நான் என்னம்மா செய்ய என்று அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் புதன்கிழமை ரேஷன் கார்டைத் தேடின இசக்கியின் கையில் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு தாள் சிக்கியது. ஐயா, எனது உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து, என்பது வரைக்கும் எழுதியிருந்தது. அம்மாவின் கையெழுத்து முதல் சொல்லில் முத்து முத்தாக ஆரம்பித்து, நாலாம் சொல்லில் எறும்பு மாதிரிச் சிறுத்து, அப்புறம் நின்றுபோயிருந்தது. மனசு வராமல் நின்றதா, கை வராமல் நின்றதா என்று தாளைப் பார்த்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று லெட்டர் கிடைக்காவிட்டால் அந்தத் தாள் முடிந்துவிடும், அது மட்டும் தெரிந்தது. பீட் போகாத அம்மாவை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எந்த வீட்டில் மகன் பேசுவதில்லை, எந்த வீட்டுக்கு இன்டர்வியூ கடிதம் வரக் காத்திருக்கிறார்கள், எந்த வீட்டில் ரிஜிஸ்டர் தபால் என்றால் கை நடுங்கும் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும், ஒன்றையும் வெளியே சொல்ல மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் போன மாதம் தபால் பெட்டி என்கிற சொல் மறந்துபோயிற்று. அந்தச் செவப்பா, தெருமுக்குல நிக்குமே, என்று கையைக் கையை ஆட்டினாள், இசக்கி அடக்க மாட்டாமல் சிரித்தாள், அம்மாவும் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. அதற்கு மறுவாரம் ஒரு கடிதம் வீடு மாறிப் போயிற்று, பதினோரு வருஷத்தில் முதல் தடவை. இதெல்லாம் அந்த அக்கா தங்கச்சியின் வேலைதான் என்று ஃபோனில் படித்தபிறகுதான் தெரிந்தது, களைப்பு காலை மட்டும் பிடிப்பதில்லை, மூளையிலும் மூடுபனி போட்டுவிடுமாம். இன்னொன்றும் படித்தாள், அதுதான் அவளுக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. வேலை செய்த அன்றைக்குத் தெரியாது, ஒரு நாள் விட்டு, இரண்டு நாள் விட்டுத்தான் வந்து அடிக்கும். அதனால்தான் போன வருஷம் கோயில் கொடை விழாவில் வெள்ளிக்கிழமை எல்லோரோடும் நின்று பொங்கலிட்டவள் ஞாயிற்றுக்கிழமை பாயிலிருந்து எழவில்லை, பெரியம்மா வந்து, சாமி கும்பிடுறப்ப நல்லாத்தான இருந்தா, சோலி செய்யணும்னா மட்டும் வலிக்குதாக்கும் என்று இழுத்தாள். பெரியம்மாவின் அந்த இழுப்பை இசக்கி அன்றைக்கே வாசலில் வைத்துச் செய்து காட்டினாள், தாக்கும் என்கிற இடத்தில் உதடு ஒரு பக்கமாகப் போவது உட்பட. அதில் பெருமைதான் பட்டாள். அப்போது அவளும்தான் பாதி அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள்.

அது எப்போது மாறியது? தர்மராஜ் சாருக்கு ஃபோன் போட்ட அன்றைக்கு. அம்மா ஏற்கெனவே மூன்று நாலு தடவை லீவு சொல்லியிருக்கிறாள், நேராக நின்று, நேரான குரலில், சார் உடம்பு வலி, இன்னைக்கு முடியல என்பாள், அந்தப் பக்கத்தில் அவர் எல்லாருக்கும்தான் வலிக்கி செண்பகம் என்பார். அன்றைக்குக் காலையில் அம்மாவுக்கு ஃபோனைத் தூக்கிக் காதில் வைக்கவே தெம்பில்லை. இசக்கி ஃபோனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், தொண்டையைக் கொஞ்சம் அகலமாக்கி, அம்மாவானாள். சார் என்றாள். ஒரு மூச்சு விட்டாள். ஐயோ என்று அடியில் மெல்லிசாக ஒரு ஐயோவைச் சேர்த்தாள், சும்மா ஒரு அழகுக்கு. அவர் பதறிவிட்டார். பேசாதீங்கம்மா, படுங்க, இன்னைக்குத்தான் நெசமாவே முடியலன்னு தெரியுது என்றார். ஃபோனை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஏதோ இடறிற்று. நெசம் பேசியபோது நம்பாதவர் பொய்யை நம்பினார். அவர் கெட்டவர் இல்லை. அப்படியானால் வலி என்று மற்றவர்களுக்குத் தெரிவது வலியா, வலியின் சத்தமா? சத்தம் போடாத வலி எந்தக் கவுண்டரில் போய் நிற்கும்?

அந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு நேராக அங்கேதான் போகும், எவ்வளவு வளைத்துப் பிடித்தாலும், பால்காய்ப்பு வீட்டுக்கு. எட்டு மாதத்துக்கு முன்னால் மாமா புது வீடு கட்டிப் பால் காய்ச்சின அன்று மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இசக்கி, செஞ்சு காட்டுட்டி என்று மாமாதான் ஆரம்பித்தார். அவள் பஞ்சாயத்துத் தலைவரைச் செய்தாள், பந்தியில் அப்பளம் கேட்ட மாமாவையே செய்தாள், எல்லோரும் உருண்டார்கள், கடைசியில் இன்னும் ஒண்ணு என்றபோது கையில் ஒன்றும் மிச்சமில்லை, வாயில் வந்துவிட்டது, அம்மா எந்திரிக்கிறது என்று அறிவித்தாள். புதுத் தரையில் படுத்து, ஒரு கையை ஊன்றி, சுவரைப் பிடித்து, பாதி எழுந்து, அம்மாடீ என்று இழுத்து. அம்மா காலையில் எழும்போது போடுகிற அதே சத்தம். வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மறுநாள் காலை வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சரியாகிவிட்டது என்றுதான் இசக்கி நினைத்தாள், ஒரு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் குடிக்க எழுந்த ஒரு விடியலில் அம்மா தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு பாயிலிருந்து எழுவதைப் பார்க்கிற வரைக்கும். கதவோரம் நின்றபடியே பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போய்ப் படுத்தாள். துண்டைத் துவைக்கும்போது ஓரத்தில் பல் தடம் இருக்குமா என்று பிறகு பார்த்திருக்கிறாள். இருந்தது.

இருபத்தொன்று போய், இருபத்திரண்டும் போயிற்று. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், இசக்கி தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள், பக்கத்தில் இருக்கிறவளை எடுத்தாள். யாரை எடுத்தாலும் அவள் மூச்சில்தான் தொடங்குவாள், குரல் தானாக வரும். அம்மாவின் மூச்சு மேலேயே நிற்கிறது, முழுசாக உள்ளே போகவில்லை, போனால் விலாவில் எங்கோ இடிக்கிறது போலும். சரி, மூச்சை மேலே நிறுத்தினாள். அம்மா நாற்காலியில் சாயவில்லை, ஏன் சாயவில்லை என்று பார்த்தால் தோள்பட்டை கம்பியில் படாமல் ஒரு விரற்கடை தள்ளி நிறுத்தியிருக்கிறாள். இசக்கியும் நிறுத்தினாள். பையின் காதை விரலால் பிடிக்காமல் மணிக்கட்டில் மாட்டியிருக்கிறாள், இவளும் தன் பையை மாட்டினாள். வளையல் இல்லை, எப்போது கழற்றினாள், பட்டுச்சேலைக்கு வளையல் போடாமல் அம்மா எங்கே போயிருக்கிறாள், ஓ, வளையல் உரசுவதுகூட இப்போது அடியாகிவிட்டதா. ஃபேனுக்கு நேரே இருந்த காலி நாற்காலியை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்ததும் அதற்குத்தானா. கழுத்தைக் கொஞ்சம் முன்னால், முகத்தில் அந்தச் சின்னப் புன்னகை, புன்னகையை மறந்துவிட்டேனே, அதையும் வைத்தாள், வைத்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, பிடரியில் சுரீர் என்றது. மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் புன்னகைதான் கனமாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இது அம்மா இல்லை. இது அம்மா செய்து காட்டுகிற ஆள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சைக்கிளில் ஏறிப் பறந்த போஸ்ட்டம்மாவை, நல்லாருக்கேன் ஆச்சி என்று ஒவ்வொரு வாசலிலும் பாடிவிட்டுப் போனவளை, இந்த அம்மா நாள் முழுக்கச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது சைக்கிளில் ஏறுவதில்லை, தள்ளிக்கொண்டுதான் போகிறாள், சந்து குறுகலாக இருக்கு என்பாள், கைக்கு ஊன்ற ஒன்று வேண்டும் என்று இப்போதல்லவா தெரிகிறது. ஒரு தடவை பந்தயம் கட்டி ஹெட்மிஸ்ட்ரஸ் குரலிலேயே ஒரு முழு நாள் இருந்ததில் இசக்கிக்குத் தாடை இரண்டு நாள் வலித்தது. அம்மா பத்து மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும், வாரத்தில் ஆறு நாள். வலிக்கிற வலி ஒரு பக்கம், வலிக்காத மாதிரிச் செய்கிறது அதற்கு மேலே. இந்த வீட்டில் குரல் கட்டுவதில் கெட்டிக்காரி நான்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு ஒரு கோணல் சிரிப்பு வந்தது.

அம்மாவுக்கு அடுத்த நாற்காலியில் இருந்த பெண் இசக்கியைக் கொஞ்ச நேரமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கம் சாய்ந்து, பாவம், சின்னப் பிள்ளை, பிள்ளைக்கு என்ன செய்யுது என்று கேட்டாள். அம்மா திகைத்துத் திரும்பிப் பார்த்தாள், தான் உட்காருகிற விதத்தை, தன் கழுத்தை, மணிக்கட்டில் தொங்குகிற பையை மகளிடம் பார்த்தாள். அதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள் என்பது இசக்கிக்குத் தெரிந்தது. இப்போது திட்டுவாள் என்று நினைத்தாள், இல்லை, சிரிப்பாள், அதுதான் பயமாக இருந்தது. அம்மா இரண்டும் செய்யவில்லை. அந்தப் பெண்ணிடம், ஒண்ணுமில்லக்கா, சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தோம் என்று மட்டும் சொன்னாள், அந்தப் பாடுகிற குரலில். அவ்வளவுதான், உள்ளேயும் இதே குரலில் இதையேதான் சொல்லப்போகிறாள் என்று இசக்கிக்குத் தெரிந்துபோயிற்று, ஒண்ணுமில்லம்மா, லேசா உடம்பு வலி என்பாள், டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டுவார், எல்லாம் நார்மல் என்பார், நாம் பஸ் ஏறுவோம், திங்கட்கிழமை வந்துவிடும். தான் ஏதாவது சொல்ல வேண்டும். எந்தக் குரலில் சொல்வது? தர்மராஜ் சார் குரல் இருக்கிறது, பெரியம்மா குரல் இருக்கிறது, மூன்று டாக்டர்கள் இருக்கிறார்கள், இருமுகிற பெரியவர்கூட இருக்கிறார், இவ்வளவு பேரையும் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தேடினால் இசக்கியின் குரல் என்று ஒன்று எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை. அதற்குள் இருபத்து மூ என்று கூப்பிட்டாகிவிட்டது.

டாக்டரம்மா பெரிய ஆள் இல்லை, பருத்திச் சேலை, மூக்குக்கண்ணாடி, மேசையில் பாதி குடித்த காபி. உட்காருங்க என்று சொன்ன விதத்தில், உட்கார எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை என்பதும் சேர்ந்து இருந்தது. அம்மா உட்கார்ந்தாள், சாயாமல். ஒண்ணுமில்லம்மா, லேசா உடம்பு வலி, வேற ஒண்ணுமில்ல என்றாள், புன்னகையோடு. டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எவ்வளவு நாளாக என்றார். கொஞ்ச நாளா என்றாள் அம்மா. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதா என்றார். சமாளிச்சுக்கிடுதேன் என்றாள் அம்மா. மேசை மேல் பேனா மூடியோடு கிடந்தது, அது திறக்கவே இல்லை, அதையே இசக்கி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், அம்மா பொய் சொல்லுதா" என்று ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, பாதியில் உடைந்து, எந்த அழகும் இல்லாத குரல். அது தன்னுடையதுதான் என்று தெரிய இசக்கிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அம்மா, ஏட்டி சும்மா இரு என்றாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. "அப்போ நெசம் என்ன?" என்று இசக்கியிடம் கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்கிற மாதிரி.

சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அறையின் ஓரத்தில் பரிசோதிக்கிற கட்டில் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறிப் படுத்தாள். படுத்தவுடனே பால்காய்ப்பு வீட்டின் புதுச் சிமெண்டு வாசனை எங்கிருந்தோ வந்தது, இது அதேதான், இரண்டாம் தடவையும் இதைத்தான் செய்கிறோம், இதற்குப் பிறகு அம்மா என்னிடம் எந்தச் சத்தமும் போட மாட்டாள் என்று பயந்தாள், ஆனாலும் கண்ணை மூடித் திறந்தாள். விரல்களை மடக்கினாள், முழுசாக மடங்காமல் நிறுத்தினாள். ஒருக்களித்தாள். முழங்கையை ஊன்றி அங்கேயே நின்றாள், வீட்டில் எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரம், யாரையும் சிரிக்கவைக்க அவசரப்படாமல். காலைத் தரையில் வைப்பதற்கு முன்னால் தரை சுடுமா என்று பார்ப்பதுபோலப் பெருவிரலை வைத்து எடுத்தாள். சுவரைப் பிடித்தாள். டாக்டரம்மாவின் கைத்துண்டு கட்டில் தலைமாட்டில் கிடந்தது, அதை எடுத்துச் சுருட்டிப் பல்லில் கடித்தாள். சத்தமே இல்லாமல் எழுந்து நின்றாள். நின்று, துண்டை எடுத்துவிட்டு, முகத்தில் அந்தப் புன்னகையை வைத்தாள்.

வெளியே அந்தப் பெரியவர் அனுமதி கேட்டு இருமினார். அம்மாவைப் பார்க்க இசக்கிக்குத் தைரியம் வரவில்லை.

"இப்படித்தானா?" என்று டாக்டரம்மா அம்மாவைக் கேட்டார்.

"இல்ல" என்றாள் அம்மா. அம்மா மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள், வைத்ததும் தோள் இரண்டும் இறங்கின, மூன்று வருஷம் தூக்கி வைத்திருந்ததைப் போட்டுவிட்ட மாதிரி. குரலும் இறங்கியது. பாடவில்லை. "மொதல்ல வெரல் இல்லம்மா. மொதல்ல கண்ணையே திறக்க மாட்டேன். படுத்தாக்குல உள்ளுக்குள்ள ஒரு சுத்துப் போயிப் பாத்துக்கிடுவேன், பீட் போற மாதிரி. காலு, முட்டு, இடுப்பு, தோளுன்னு ஒவ்வொரு வாசலா. இன்னைக்கு எங்ஙன கதவு திறந்து கெடக்குன்னு தெரியாம எந்திரிக்க முடியாது. பத்து நிமிசம் ஆவும், சில நாளு அரை மணி நேரம். இவ பாத்தது அதுக்கப்புறம் உள்ளதுதான்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இவ கொறச்சுத்தான் செய்யுதா."

டாக்டரம்மா ரிப்போர்ட் கட்டை மூடி ஓரமாகத் தள்ளினார். திங்கட்கிழமைக்குள்ள ஆபீசுக்கு ஒரு லெட்டர் வேணும் டாக்டர் என்று இசக்கி இடையில் சொன்னாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார். ஆபீசுக்கு லெட்டர் நான் தருகிறேன், அதற்கு முன்னால் நான் கொஞ்சம் அழுத்திப் பார்க்க வேண்டும், நிறையக் கேட்கவும் வேண்டும், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு, கட்டிலைக் காட்டினார். "எந்திரிச்சு வாங்க. இங்ஙன யாருக்காகவும் சமாளிக்க வேண்டாம்."

அம்மா நாற்காலியின் கையைப் பிடித்தாள். துண்டு எதையும் தேடவில்லை. பாதி எழுந்தபோது அது வந்தது, அம்மாடீ என்று, எட்டு மாதம் கழித்து, வாய் திறந்து. இசக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவள் செய்ததைவிட அது தணிந்த இடத்திலிருந்து வந்தது, கடைசியில் இழுக்கவே இல்லை, வெட்டென்று நின்றது. அந்த இழுவை, பால்காய்ப்பு வீட்டில் எல்லோரையும் உருட்டிப்போட்ட அந்த இழுவை, அதை இசக்கியாகத்தான் சேர்த்திருக்கிறாள்.